தலையைக் கழற்றி வைக்கும் அறை

நான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு கூட்டத்துக்கு ஆறு வருஷம் வேலை செய்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நான் அஜ்மானில் ஒரு கட்டடக் கம்பெனியின் டைம்கீப்பர். கூட்டம் நடந்ததோ ஜெர்மனியில், ஒவ்வொரு ஆகஸ்டிலும். அங்கே ஒரே ஒரு தடவை போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட அளவுக்கு நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஏங்கவில்லை. இதை மனைவியிடமே ஒரு முறை போனில் சொன்னேன். "அதான் தெரியுமே" என்றாள்.

அது ஃபர்ரிகளின் கூட்டம். ஃபர்ரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. மனிதரைப் போல இரண்டு காலில் நடந்து, பேசி, சட்டை போட்டுக்கொள்ளும் மிருகங்களின் ரசிகர்கள் அவர்கள். சிலர் வரைவார்கள், சிலர் கதை எழுதுவார்கள். சிலர் அந்த மிருகத்தையே உடையாகத் தைத்து, தலை, கை, கால், வால் எல்லாம் மாட்டிக்கொண்டு நடமாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மிருகம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ஹோட்டலைப் பிடித்து ஐந்து நாள் கூடுவார்கள். படக் கண்காட்சி, கடைகள், நாடகம், ஊர்வலம், நடனம் என்று அமர்க்களப்படும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எட்டுப் பேர் படுக்கும் ரூமில் இதை வாய் திறந்து சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நான் சின்ன வயதிலிருந்தே மிருகம் வரைபவன். கணக்கு நோட்டின் ஓரத்தில் பேன்ட் போட்ட நரி, குடை பிடித்த ஆமை என்று வரைந்து வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வளர்ந்து, கல்யாணமாகி, அஜ்மானுக்கும் வந்து சேர்ந்தேன். இங்கே வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். ரூமுக்குக் கீழே ஒரு மலையாளி நெட் கஃபே நடத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அங்கே உட்கார்ந்து எதையோ தேடப்போய், பேன்ட் போட்ட நரிகளின் ஊருக்குள் போய் விழுந்தேன். ஆயிரக்கணக்கான பேர். என் வயதுக்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள், டாக்டர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயதுக்காரன் நரிப் படத்தைப் பார்த்து அழுதால் எப்படி இருக்கும்? பக்கத்து கேபின் பட்டான்காரர் திரையை விலக்கி, "க்யா ஹுவா பாய், கர் மே சப் டீக்?" என்று விசாரித்தார். ஊரில் எல்லாரும் சுகம்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கூட்டத்தில் ஓநாயும் நரியும்தான் பாதி. நான் மரநாயை எடுத்துக்கொண்டேன். பனைமரத்தில் ஏறிக் கலயத்துக் கள்ளைக் குடித்துவிட்டுப் போகுமே, அதே மரநாய். ஐரோப்பாவில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பூனையா, கீரியா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, குடிகாரப் பயல் என்று எழுதினேன். அந்த ஒரு வரியில் நாலைந்து சிநேகிதர்கள் கிடைத்தார்கள்.

அதில் ஒருத்தி வளைக்கரடி. மண்ணைத் தோண்டி வளையில் இருக்குமே, அந்த ஜாதி. மாநாட்டில் உடை போட்டு ஆடுகிறவர்களின் நலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு. அந்த வருஷம் வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டார்கள் என்றும், ஹோட்டலில் ஏசி கிடையாது என்றும், என்ன செய்யலாம் என்றும் எல்லாரையும் கேட்டு எழுதியிருந்தாள். வந்த பதில்களைப் படித்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கலாம் என்று ஒருவர், ஜன்னலைத் திறக்கலாம் என்று இன்னொருவர். எனக்குக் கோபமே வந்தது. நான் சட்டென்று கோபப்படுகிறவன். அன்று மட்டும் அது நல்லதுக்கு ஆனது.

டைம்கீப்பர் என்றால் ஆள் வந்தானா போனானா என்று குறிப்பதுதான் வேலை. முதலுதவிப் பயிற்சி முடித்தவன் என்பதால் எங்கள் சைட்டில் மருந்துப் பெட்டியும் என் தலையில் விழுந்தது. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது மாடியில் கம்பி கட்டுகிறவன் எப்போது விழுவான் என்று எனக்கு அவனுக்கு முன்னால் தெரியும். வியர்க்கிறவனைப் பற்றிக் கவலையில்லை. வியர்வை நிற்கிறவனைக் கவனிக்க வேண்டும். ஃபோர்மேனைத் திட்டிக்கொண்டே வேலை செய்கிறவன் நன்றாக இருக்கிறான். திட்டுவதை நிறுத்துகிறவனை உடனே நிழலுக்கு இழுத்துப் போக வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் எலுமிச்சையும் வேண்டும். தனியாக யாரையும் விடக்கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் விட வேண்டும். தண்ணீர் டேங்க் தூரமாக இருந்தால் ஒருவனும் குடிக்கப் போகமாட்டான். இதையெல்லாம் என் ஓட்டை இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். மறு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் அவளிடமிருந்து முப்பது கேள்விகள் காத்திருந்தன.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உடைக்குள் இருக்கும் மனிதரின் முகத்தைக் கூட்டத்தில் யாரும் பார்க்கக்கூடாது. தலையைக் கழற்ற வேண்டும் என்றால் அதற்கென்று ஓர் அறை. வெளியாள் நுழைய முடியாது, படம் எடுக்க முடியாது. உள்ளே போனதும் தலையைக் கழற்றி வைத்துவிட்டு மின்விசிறி முன்னால் உட்கார்ந்து மனுஷனாகிக்கொள்ளலாம். அந்த அறை என் அறையானது. ஹோட்டலின் வரைபடத்தை அவள் அனுப்புவாள்; நான் பிரின்ட் எடுத்து, சைட் ஆபீஸ் மேஜையில் விரித்து, விசிறி எங்கே, தண்ணீர் எங்கே, ஈரத்துணி எங்கே, கழற்றிய தலைகளை அடுக்கும் அலமாரி எங்கே என்று பென்சிலால் குறிப்பேன்.

முதல் வருஷம் அது நடன மண்டபத்தின் மூலையில் ஒரு திரைச்சீலை மறைப்பு, அவ்வளவுதான். சில நூறு பேர் வந்த காலம். அடுத்த வருஷம் ஆட்கள் கூடினார்கள், ஓர் அறை கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் அந்த ஹோட்டலே போதவில்லை, வேறு ஊரில் பெரிய ஹோட்டலுக்கு மாறினார்கள். அறை பதிவு தொடங்கிய அன்றே தீர்ந்துபோகிற அளவுக்கு வளர்ந்தார்கள். வரவேற்பு, பாதுகாப்பு, மேடை, கடைகள் என்று இருபது பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு பட்டியல், ஒரு சண்டை. ஒரு வருஷம் ஹோட்டல்காரர்கள் என் அறையைக் கீழ்த்தளத்தில் ஒதுக்கினார்கள். உடை போட்டவனுக்குத் தன் காலே தெரியாது, படியில் எப்படி இறங்குவான்? மண்டபத்திலிருந்து முப்பது காலடிக்குள் இல்லையென்றால் அந்த அறையே வேண்டாம் என்று நான் குதித்தேன். அஜ்மானில் குந்தியிருந்த ஒருவன் போட்ட கூச்சலில் ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் தன் சாப்பாட்டுக் கூடத்தில் பாதியைப் பிரித்துக் கொடுத்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து ரூமில் எல்லாரும் எனக்கு ஃபோர்மேன் பதவி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஒரு பெரிய தப்பும் செய்தேன். எங்கள் சைட்டில் நாலைந்து பாஷைக்காரர்கள். வெயில் தலைக்கேறியவனைக் கண்டுபிடிக்க நான் பேச்சை நம்புவதில்லை. கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் வரிசையாகத் தொட்டுக் காட்டச் சொல்வேன். தடுமாறினால் நிழலுக்குப் போக வேண்டியதுதான். உடை போட்ட மிருகங்களும் வாய் திறந்து பேசமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். ஆகவே இந்தச் சோதனை அவர்களுக்கென்றே செய்ததுபோல எனக்குத் தோன்றியது. விதியாக எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு மிருகத்தின் கூடவும் ஒரு துணையாள் நடப்பார். அவர் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று.

அந்த உடைகளின் கையில் கட்டைவிரலைத் தவிர மூன்றே விரல்தான் உண்டு. அதுவும் பஞ்சு அடைத்த தலையணை மாதிரி. எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த படங்களில் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், நான் விரலையா எண்ணினேன்? ஜெர்மன்காரர்களோ எழுதியதை எழுதியபடி செய்கிறவர்கள். அந்த ஆகஸ்ட் மாநாட்டில் ஊர்வலத்துக்குக் கிளம்பி நின்ற அத்தனை பேரும் சோதனையில் தோற்று என் அறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உள்ளே இடமில்லாமல் வாசலில் சிங்கமும் முயலும் வரிசையில் நின்றனவாம். ஊர்வலம் ஒரு மணி நேரம் தாமதம். வளைக்கரடி எனக்கு எழுதிய கடிதத்தில் பாதிக்கு மேல் சிரிப்பு. பிறகு சோதனையை மாற்றினோம். துணையாள் விரல் காட்டுவார், எத்தனை விரலோ அத்தனை தடவை மிருகம் கை தட்ட வேண்டும். அந்தக் கடிதத்தின் கடைசியில்தான் அவள் எழுதினாள்: "நீ ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும்."

அதுவரை எனக்கு அந்த எண்ணமே வந்ததில்லை என்றால் நம்பமாட்டீர்கள். அதற்குப் பிறகு வேறு எண்ணமே வரவில்லை. வரைபடத்தில் நான் பென்சிலால் போட்ட சதுரத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும். விசிறிச் சத்தம் கேட்க வேண்டும். எனக்கு உடை இல்லை, தைக்கவும் வழியில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே உள்ள யாருக்கும் என் நிஜப் பெயர் தெரியாது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு, அதுவும் ஊருக்கு. நடுவில் பத்து நாள் சம்பளமில்லாத லீவு கேட்டால் கிடைக்கும். பாஸ்போர்ட்தான் கிடைக்காது. வந்து இறங்கிய அன்றே எல்லார் பாஸ்போர்ட்டும் ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். இடையில் எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு ஆள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவன் திரும்பி வந்து பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்வரை ஜாமீன் போட்டவன் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கமாட்டார்கள். அவன் எங்கேயும் போக முடியாது. அதற்கு முந்தின வருஷம் ஒரு கொத்தனார் அப்படிப் போனவர் திரும்பவேயில்லை. அவருக்காகக் கையெழுத்துப் போட்டவர் தன் லீவை இழந்து உட்கார்ந்திருந்தார். ஆகையால் ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டாலே கேம்ப்பில் எல்லாருக்கும் காது அடைத்துப்போகும்.

எனக்குக் கையெழுத்துப் போட்டவர் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுக்கும் அண்ணன். சிவகங்கைப் பக்கத்துக்காரர், கம்பெனியின் ஸ்டோர்கீப்பர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு நெட் கஃபேயில் கெட்ட சகவாசம் என்று முதலில் சந்தேகப்பட்டவரும் அவர்தான். ஒருநாள் பின்னாலேயே வந்து திரையை விலக்கிப் பார்த்தார். திரையில் ஒரு நரி வயலின் வாசித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"ஒரு மாநாடுண்ணே. இவங்கெல்லாம் அதுக்கு வர்றவங்க."

"மாநாடா? எந்தக் கட்சி?"

எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் கழற்றும் அறையைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மாறியது. "நல்ல ஏற்பாடுதாம்ப்பா. நம்மளுக்கும் அப்படி ஒரு ரூம் இருந்தா நல்லாருக்கும்" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும், "கரடி என்ன சொல்லுது?" என்று கேட்பார். நான் ஜாமீன் விஷயத்தை அவரிடம் கேட்கவேயில்லை. அவராகத்தான் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

விசா கிடைத்தது. பாஸ்போர்ட்டில் அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வளைக்கரடி அறைப் பணியாளர் பட்டியலில் மரநாய் என்று சேர்த்துவிட்டாள். ஐந்து நாளும் பகல் முறை. மனைவி போனில், "போறது போறீங்க, வாலு வெச்சுக்கிட்டு வந்துடாதீங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை விமானம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் குளிக்கப் போயிருந்தபோது அவர் போன் அடித்தது. ஊர் நம்பர். ரூமில் யார் போனையும் யாரும் எடுப்பது வழக்கம்தான். எடுத்தேன். அவர் மனைவி.

"தம்பி, நீங்களா? அவரு எங்க?"

"குளிக்கப் போயிருக்காருங்க அண்ணி. சொல்லுங்க."

"ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாக தம்பி. வர்ற வியாழக்கிழமை. இதை விட்டா இன்னும் மூணு மாசமாம், அதுவரைக்கும் தாங்காதுங்கிறாக. அவருகிட்ட முந்தாநாளே சொல்லிட்டேன். லீவு தரமாட்டேங்கிறாகன்னுட்டாரு. எங்க அண்ணன் இருக்காரு, ஆஸ்பத்திரில கையெழுத்து அவரு போடுவாரு, அது பெரிசில்ல. ஆனா எனக்குப் பயமா இருக்கு தம்பி. நீங்க ஆபீஸ்ல சொன்னா கேப்பாகளாமே. கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அண்ணிக்கு இதயத்தில் வால்வுக் கோளாறு என்பதும், மதுரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தேதி வந்தது தெரியாது. அண்ணன் சொல்லவில்லை. லீவு தரமாட்டார்கள் என்பது பொய். ஆபீஸில் அவர் லீவே கேட்டிருக்கமாட்டார். கேட்டும் பிரயோஜனமில்லை, அவர் பாஸ்போர்ட் என் பயணத்துக்காகப் பெட்டிக்குள் இருந்தது.

இனி எழுதப்போவதை மறைத்துவிடலாம் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன் வந்ததையும் சொல்லவில்லை. அவராகவே முடிவு செய்துவிட்டார், நான் கேட்காதவன் போல இருந்துவிட்டால் என்ன? பத்து நாள்தானே? இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு இந்த ஒன்று கூடாதா? ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்கு அண்ணியின் அண்ணன் இருக்கிறாரே. இப்படியெல்லாம் மனது வக்கீல் வேலை பார்த்தது. ஒரு முழு நாள் ஊமையாக இருந்தேன். அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்தால், அண்ணன் கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரில் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். "வெளிநாட்டுக்காரங்க முன்னாடி கசங்கிப் போய் நிக்காதப்பா" என்றார்.

"அண்ணே, அண்ணிக்கு ஆபரேஷன் எப்போ?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "யாரு சொன்னா?"

"நேத்து போன் வந்துச்சு."

"நேத்தா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெரிய ஆபரேஷன்லாம் இல்லப்பா. மச்சான் பாத்துக்குவாரு. நீ போயிட்டு வா. எத்தன வருஷமா அந்தக் கரடிகூட எழுதிக்கிட்டுக் கெடக்க."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கத்திவிட்டேன். "நெஞ்சைப் பொளக்குற ஆபரேஷன் உங்களுக்குப் பெரிசில்லையா? அண்ணி அங்க பயந்துகிட்டுக் கெடக்கிறாங்க, நீங்க எனக்குச் சட்டை தேய்க்கிறீங்க. நான் என்ன மனுஷனா மிருகமா?"

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். "அதை நீதாம்ப்பா சொல்லணும்" என்றார்.

ரூமில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

கடைசி முயற்சியாக அன்று சாயங்காலம் மூன்று பேரிடம் போய் ஜாமீனை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கொத்தனார் கதையை மூன்று பேரும் எனக்கே திருப்பிச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் போய் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தேன். மலையாளி மேனேஜர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எந்தா, ஜெர்மனி போகலையா?"

"போகலை சார். ஸ்டோர்கீப்பரை ஊருக்கு அனுப்பணும். அர்ஜென்ட்."

அவர் ஜாமீன் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு என் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்து, அண்ணனுடையதை வெளியே எடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை அண்ணன் கிளம்பினார். இஸ்திரி போட்ட என் சட்டைகளை அவர் பெட்டியில் வைத்தேன்.

வளைக்கரடிக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. வர முடியாது என்றதும் காரணம் கேட்டாள், சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் பாஸ்போர்ட் ஏன் அவர்களிடம் இருக்கிறது? போலீஸில் சொல்ல வேண்டியதுதானே? சிநேகிதன் பாஸ்போர்ட்டுக்கும் உன் பயணத்துக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விகள்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் கூட்டத்தின் விதி ஒவ்வொன்றையும் நான் ஏனென்று கேட்காமல் ஏற்றுக்கொண்டவன், எங்கள் விதியை அவளுக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

மாநாட்டின் சனிக்கிழமை ஊர்வல நாள். எனக்கு டியூட்டி. மதிய ஓய்வு முடிந்து ஆட்களை மேலே அனுப்பிவிட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நிழலில் நின்றேன். இங்கே மூன்று மணி, அங்கே ஒரு மணி. இந்நேரம் உடை மாட்டிக்கொண்டிருப்பார்கள். துணையாட்கள் கை தட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் அறையில் அலமாரிகள் காலியாகக் காத்திருக்கும். எனக்குள் ஏதோ ஒன்று கிடந்து துடித்தது. பொண்டாட்டி பிள்ளையை விட்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், அந்த ஏக்கம் எனக்குப் பழகிப்போன ஏக்கம். இது வேறு. இதைச் சொல்லி ஆறுதல் தேட அந்த சைட்டில் ஒரு ஆள் இல்லை. இருந்த ஒருவர் மதுரையில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் போனில் சொன்னபோது சந்தோஷப்பட்டேன், அதில் கலப்படம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வளைக்கரடியின் கடிதமும் வந்திருந்தது. ஊர்வலத்தில் ஒரு பெரிய ஓநாய். துணையாள் மூன்று விரல் காட்டினால் அது ஐந்து தடவை கை தட்டியதாம். உடனே அறைக்குக் கொண்டுபோய்த் தலையைக் கழற்றினால் உள்ளே இருந்தவனுக்கு நினைவே தப்பிக்கொண்டிருந்தது. ஈரத்துணியும் உப்புத்தண்ணீரும் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். "உன் அறை ஒருவனைக் காப்பாற்றியது" என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாகத்தான் இருந்தது. அந்தத் துணியை வேறு யாரோ நனைத்திருக்கிறார்கள்.

அண்ணன் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஆபீஸுக்குப் போய், அடுத்த ஆகஸ்டுக்கு எனக்கு ஜாமீன் போடத் தாள் கேட்டார். இன்னும் பத்து மாதம் இருக்கிறதே என்று மேனேஜர் சிரித்தாராம். அந்தப் பத்து மாதத்துக்குள் எல்லாம் சரிந்துவிட்டது. பணமில்லாமல் துபாயில் கிரேன்கள் நின்றுபோன வருஷம் அது. எங்கள் சைட் ஏழாவது மாடியோடு நின்றது. ஒரு நாள் காலை கம்பெனியே கலாஸ், மூடியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். கேம்ப் முற்றத்தில் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, பெயர் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை. அண்ணன் தன்னுடையதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இப்பப் போகலாம்ப்பா" என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் விசா எப்போதோ காலாவதியாகியிருந்தது. கையில் இருந்தது திருச்சிக்கு ஒரு வழி டிக்கெட்.

ஊரில் வேலை தேடி அலைந்த அந்தக் கோடையில் மாநாடு முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. இனி அறைக்கு ஒருவர் நேரில் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று குழுவில் முடிவு செய்திருந்தார்கள். வளைக்கரடி மிகவும் தயங்கி எழுதினாள். நான் அவளுக்குச் சிரமம் வைக்கவில்லை, நானே விலகிக்கொண்டேன். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு நர்ஸ் வந்திருந்தாள், நீர்நாய் அவளுடைய மிருகம். கெட்டிக்காரி. எனக்குத் தெரிந்ததையெல்லாம் பதினெட்டுப் பக்கம் எழுதி அவளுக்கு அனுப்பினேன். வியர்வை நிற்பது, உப்பின் அளவு, முப்பது காலடித் தூரம், எதையும் விடவில்லை.

அனுப்பிய பிறகு வளைக்கரடிக்குத் தனியாக ஒரு கேள்வி எழுதினேன். இத்தனை வருஷம் விசிறியையும் தண்ணீரையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில் அதைக் கேட்காமலே இருந்துவிட்டேன். அந்த அறைக்குள் வந்து தலையைக் கழற்றியதும், ஒவ்வொருவரும் முதலில் என்ன செய்வார்கள்? எப்படி இருக்கும் அந்த முகம்?

மறுநாளே பதில் வந்தது. அதை எழுத்தில் சொல்லத் தனக்குத் தெரியவில்லை என்றும், பலமுறை எழுதி அழித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தாள். "நீயே வந்து பார். அடுத்த வருஷம் வருவாய்தானே?"

எங்கள் ஊர் நெட் சென்டரில் அடுத்த ஆள் கம்ப்யூட்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்தேன்.